பதிவு எண்

எம்.ஃபார்ம் சேர என்னென்ன வேண்டும் என்று கேட்டால் அப்போது தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் பி.ஃபார்ம், நான்கு வருஷமும் சேர்த்து 55 சதவீதம், பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சர்டிஃபிகேட். உதவித்தொகை வேண்டுமென்றால் ஜிபேட் தேர்விலும் தேற வேண்டும். 125 கேள்விகள், 500 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். அதிலும் தேறினேன். மாதம் 12,400 ரூபாய் வரும் என்று அம்மாவிடம் சொல்லியும் ஆயிற்று.

விதிகளில் இன்னொன்றும் இருந்தது. மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது சேர்ந்த ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும், தவறினால் சேர்க்கை ரத்து. படித்தேன், ஆனால் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் என்பது மெடிக்கல் ஷாப் வைக்கிறவர்களுக்கு, எனக்கு எதற்கு என்று நினைத்தேன். நான் எடுத்திருந்தது ஃபார்மசூட்டிக்ஸ். மாத்திரை செய்யப் போகிறவன், விற்கப் போகிறவன் இல்லை. ரிசல்ட் வந்த கையோடு நண்பர்கள் விண்ணப்பிக்கக் கிளம்பியபோது, "நீங்க போயிட்டு வாங்கடா" என்று வழியனுப்பி வைத்தேன். அந்த நினைப்பில் இருந்த திமிர் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் சேர்ந்த அன்று உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கெடு நெருங்கியபோதுதான் விண்ணப்பித்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் இனிஷியல் ஒரு விதமாகவும், பட்டச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. முதல்வர் அந்தக் கடிதத்தை என் பக்கம் திருப்பி, நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார். சொல்ல ஒன்றுமில்லை. சீட் போயிற்று. அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜிபேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும் என்பது மட்டும் ஆறுதல். அடுத்த சேர்க்கை வரை சும்மா இருக்க முடியாது. பதிவு எண் கைக்கு வந்ததும் ஊரிலேயே ஒரு பெரிய மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க அந்த எண் இருந்தே ஆக வேண்டும். அங்கே எனக்கு மேலே இருந்த அண்ணன் டி.ஃபார்ம் முடித்தவர். அவரிடம் வேலை கற்றுக்கொள்வதா என்று ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு சாயங்காலம், விரல்கள் முடங்கிப்போன ஒரு அம்மா சீட்டை நீட்டினார். முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட். நான் இரண்டையும் எடுத்து, எண்ணி, கவரில் போட்டு, பில்லும் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன் கவரைக் கையில் வாங்கி, மாத்திரைகளைக் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தார். இரண்டும் மஞ்சள், இரண்டும் பொடிசு.

"அம்மா, வீட்ல இருக்கிறதுல எதை என்னைக்குச் சாப்பிடுறீங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெத்தோட்ரெக்சேட்மேல் விரலை வைத்தார். "இது தினம் தம்பி. அது வாரத்துக்கு ஒருக்கா."

அண்ணன் முகம் மாறிவிட்டது. "எத்தனை நாளாம்மா?" இந்த வாரம்தான், மருமகள் ஊருக்குப் போனதிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். வாயில் புண் இருக்கிறதா என்று கேட்டார் அண்ணன். இருந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மெத்தோட்ரெக்சேட் எந்த நொதியைத் தடுக்கும் என்று கேட்டால் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிரே போகலாம் என்பதும் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கவரை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, "அடுத்து யாரு?" என்று கேட்டது நான்தான். இரவு கடை சாத்தும் வரை கையிலெடுத்த ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்தேன். அண்ணனிடம் அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறு வருஷம் விண்ணப்பத்தில் ஃபார்மசூட்டிக்ஸ் என்று எழுதவில்லை, ஃபார்மசி பிராக்டிஸ் என்று எழுதினேன். கம்பெனி வேலை கிடைப்பது கஷ்டம் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அது உண்மைதான். அப்பாவின் கடன் அடையவும் ஒரு வருஷம் கூடுதலாக ஆயிற்று. விண்ணப்பத்தில் பதிவு எண் எழுதும் கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன்.