குதிரைப் பணமும் பிட்டுக் கூலியும்



மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வது, அதன் பெயரால் நிதி திரட்டுவது, வழியில் ஓர் ஊரில் தங்கிக் கட்டட வேலையும் பார்ப்பது என்று நாங்கள் பதினொருவர் முடிவெடுத்தபோது, நண்பர்கள் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். ‘செங்கல்லுக்குப் பணம் வேண்டுமென்றால் பணத்தை அனுப்பிவிடலாமே, நடுவில் மிதிவண்டி எதற்கு?’ மிக நியாயமான கேள்வி. இதே கேள்வியை மதுரையில் முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பாண்டிய மன்னர்.

இத்தகைய பயணங்கள் உலகுக்குப் புதியவை அல்ல. 1995 தொடங்கிப் பல ஆண்டுகள், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறையில் கிழக்கிலிருந்து மேற்குக் கரை வரை மிதிவண்டியில் சென்று, எளியவர்களுக்கு வீடு கட்டித் தரும் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்புக்கு நிதி திரட்டினர். 2003-இல் முதற்பயணம் கண்ட ‘பைக் அண்ட் பில்ட்’ அமைப்போ, வழியில் ஆங்காங்கே நின்று சுத்தியலையும் கையில் எடுத்தது. இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்திற்குப் பின், சுவிட்சர்லாந்தின் பியேர் செரெசோல் கடல் கடந்து வந்து, சிதைந்த சிற்றூர்களில் தொண்டர்களோடு சேர்ந்து உழைத்தார். பணம் அனுப்புவதோடு நில்லாமல் ஆளே வந்து நிற்பது அவர்கள் எல்லோருக்கும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. ஏன் என்பதுதான் எங்கள் வினா.

மதுரைக் கதைக்கு வருவோம். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பொருள் கொடுத்துத் தன் அமைச்சர் வாதவூரரை அனுப்புகிறான். அவரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, அப்பொருளைக் கோயில் திருப்பணியில் செலவிட்டு விடுகிறார். ‘குதிரைப் பணம் எங்கே?’ என்பது மன்னனின் கேள்வி. எங்கள் கதை இதற்கு நேர்மாறு. கட்டடத்திற்கான பணத்தை நாங்கள் குதிரை ஏறித் திரட்டினோம்! அந்த அமைச்சர்தாம் பின்னாளில் மாணிக்கவாசகர். அவர் பிறந்த திருவாதவூர் மதுரைக்குக் கிழக்கே, மேலூருக்கு அருகில். திருப்பெருந்துறை என்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். இவ்விரண்டையும் இணைத்தே எங்கள் பாதையை வகுத்தோம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அன்பர்கள் வாக்களித்தார்கள்.

ஆனைமலையின் அண்ணன் தம்பி

தை மாதத்து விடியற்காலையில் வைகையின் வடகரையிலிருந்து புறப்பட்டோம். மாட்டுத்தாவணி கடந்ததும் படுத்திருக்கும் யானையாய் ஆனைமலை எதிர்ப்படுகிறது. அதன் அடிவாரத்து நரசிங்கம் குடைவரையில் சற்று இளைப்பாறினோம். கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாண்டியரின் அமைச்சன் மாறன் காரி இக்கற்றளியைச் செய்வித்தான். நீர்த்தெளிப்பதற்கு முன்பே இறந்து போனான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர்த்தெளித்தான். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர். இருவர் பெயரும் கல்லில் இருக்கின்றன. பாதியில் நின்ற ஒரு சுவரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த எங்களுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்?

ஒத்தக்கடையில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் வேறோர் உலகம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர் கால்வாய் வழியே வந்து பாயும் சமவெளி இது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் போர்கள். சாலையின் ஒரு பாதியில் காயப்போட்ட நெல். காரில் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. மிதிவண்டியில் போகிறவரிடமோ ஊருக்கு ஊர் கேள்விதான்! ‘எந்த ஊரு?’, ‘எங்கிட்டுப் போறீக?’, ‘தண்ணி குடிக்கிறீகளா?’ பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் நோக்கம் எங்களுக்குத் தெளிவாகிக்கொண்டு வந்தது.

‘ரெண்டு சித்தாளு போதும், தம்பி’

திருவாதவூரை அடுத்த ஒரு சிற்றூர். கண்மாய்க்கரைச் சாலையை ஒட்டிய தொடக்கப் பள்ளியின் சுற்றுச்சுவர் பாதியில் நின்றுபோயிருந்தது. செங்கலும் சிமென்ட்டும் கொத்தனார் கூலியும் எங்கள் பொறுப்பு. கையாள் வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வருவதாக ஊரார் முன்பே கூடிப் பேசியிருந்தனர். எங்களுக்கு இரண்டு நாள் வேலை. செங்கல் நனைத்துக் கொடுத்தோம், மணல் சலித்தோம், சும்மாடு கட்டிச் சாந்துச் சட்டி சுமந்தோம். கழுத்து நேராக நிற்க, கைவிட்டு நடக்கும் அவ்வூர்ப் பெண்கள் முன்னால் நாங்கள் இரு கையாலும் சட்டியைப் பற்றிக்கொண்டு போன கோலத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வெகுவாக ரசித்தார்கள்.

நூல் பிடித்து ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாருக்கு அறுபதை ஒட்டிய வயது. முதல் நாள் மாலை தேநீரின்போது, குரலில் சற்றும் கடுமையின்றிச் சொன்னார்: “தம்பி, கோவிச்சுக்காதீக. நீங்க பதினோரு பேரு ரெண்டு நாளு சொமக்குறத, எங்க சித்தாளு ரெண்டு பேரு போதும், ஒரே நாள்ல சொமந்துருவாக.”

அது முழு உண்மை. எங்கள் உழைப்பைக் கூலிக் கணக்கில் போட்டால் ஒரு சித்தாளின் இரண்டு நாட் சம்பளம்கூடத் தேறாது. அப்படியானால் ஆளே வந்து நிற்பதற்கு என்னதான் பொருள்? அன்றிரவு பள்ளி வராந்தாவில் படுத்தபடி நெடுநேரம் பேசினோம். வருவது நம் மனநிறைவுக்குத்தானே என்றார் ஒருவர். நிதி தந்தவர்களில் பாதிப்பேர் பயணத்தைக் கேள்விப்பட்டுத்தான் தந்தார்கள் என்றார் மற்றொருவர். இரண்டும் சரிதான். இரண்டும் போதவில்லை.

மறுநாட் காலை ஒரு பாட்டி வந்தார். பேரன் அப்பள்ளியில் படிக்கிறான். வீட்டுக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் அனுப்ப அவர் வீட்டில் ஆள் இல்லை. வரவு எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய், எங்களில் இளையவரைக் கைகாட்டிச் சொன்னார்: “எங்க வீட்டுக்கு இந்தப் பிள்ளைய எழுதிக்கிருங்க.” எழுதிக்கொண்டார்கள். நண்பகலில் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து, எழுதப்பட்டவரிடம் மட்டும் கொடுத்தார் பாட்டி. மற்றவர்கள் அவரிடம் கெஞ்சித்தான் தின்ன வேண்டியிருந்தது!

வந்தியின் கதை எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

வந்தியின் பங்கு

குதிரைப் பணக் கதையின் முடிவுதான் பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகை பெருகுகிறது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. இறைவனே கூலியாளாய் வருகிறான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெறுகிறான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது மண் சுமந்த படலம், 61-ஆவது. கதையை நாம் பிரம்படியோடு முடித்துக்கொள்கிறோம். அதற்கு முந்திய பகுதியைக் கவனியுங்கள். வந்த ஆள் உண்கிறான், ஆடுகிறான், உறங்குகிறான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. கூலியாள் என்ற அளவில், எங்களையும் விஞ்சியவன்!

ஆனால் வந்திக்கு வேண்டியிருந்தது திறமையான ஆள் அன்று. தன் பெயரில் நிற்க ஓர் ஆள். ஊர் முழுவதும் கரையடைக்கும்போது தன் பங்கு விடுபட்டுப் போகலாகாது என்பதே அவள் கவலை. அந்தப் பாட்டியின் கவலையும் அதுவே. இலவசமாய் வந்த சுவராக அவர் அதைக் கருதவில்லை. தம் பங்கைச் செலுத்தினார், கூலியும் கொடுத்தார். தமிழ்நாட்டுக் கண்மாய்களைக் காத்த குடிமராமத்தின் உயிர்நாடியும் இப்படிப் பங்கு செலுத்துவதுதான். 1858-இல் ஆங்கில அரசு அவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. சட்டத்தால் ஆளைக் கொண்டுவரலாம். ‘என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லைக் கொண்டுவர இயலுமா?

அனுப்பிவைத்த பணம் யார் பெயரிலும் போய் நிற்காது. வந்து நின்ற ஆள் நிற்பான். எங்களுக்குக் கிடைத்த விடை இவ்வளவே.

ஆவுடையார்கோயில் வரை

மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி என்று நீண்ட வழியை விரிக்கப்போவதில்லை. அறந்தாங்கிக்கு முன், புல்லுக்கட்டோடு ஆண்கள் ஓட்டும் மிதிவண்டியில் வந்த ஓர் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அறிவொளி இயக்க நாள்களில் கற்றுக்கொண்டாராம். 1991-இல் அம்மாவட்டத்தில் தொடங்கிய அவ்வியக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. 1992 மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரை மிதிவண்டிகளால் நிறைத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் உண்டாம். “இம்புட்டுத் தூரம் சும்மாவா மிதிச்சு வாரீக?” என்று அவர் எங்கள் வெறும் கேரியர்களைப் பார்த்துக் கேட்டார். மிதிவண்டி அவருக்குச் சுமை தூக்கும் துணை. சுமையின்றி மிதிப்பது அவருக்கு விளங்கவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னோம். தலையசைத்தார்.

ஆவுடையார்கோயிலில் இன்று நாம் காணும் மண்டபங்கள் மாணிக்கவாசகர் காலத்திற்குப் பிற்பட்டவை. அக்கோயிலின் கல் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால், மரச்சட்டமும் ஆணியும் என்றே கண் நம்பும். பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ மற்றெதையும் செய்து தருவதாக எழுதுவார்களாம். கொத்தனாரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னோம். “நம்ம சுவரு அதுல வராது தம்பி, பயப்படாதீக” என்று சிரித்தார்.

பாண்டியனின் கேள்விக்கு எங்கள் கணக்கு இது: வண்டியும் உணவும் அவரவர் செலவு, அன்பர்கள் தந்த தொகை முழுவதும் செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி. பங்குனியில் சுவர் முடிந்தது. ஊராரின் வரவேட்டில் எங்கள் பதினொருவரில் ஒருவர் பெயர்தான், அதுவும் பாட்டியின் பெயருக்கு எதிரே, இருக்கிறது.

ஆவணி மூலத்தையொட்டி மதுரைப் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா நடைபெறும். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அங்கே எழுந்தருள்வார். நாங்களும் மிதிவண்டியில் வருவோம். அடுத்த சுவர் எந்த ஊரில் என்பதை அங்கு கூடிப் பேசலாம், அன்பர்கள் வாருங்கள்.