அப்பா, ஆல்கோ, பொகைஞ்சு போன ஒரு சிப்பு

ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக நான் வீட்ல என்ன பண்றேன்னு கேட்டா, பொம்மை ரயில் ஓட்டறேன்னு சொல்ல வேண்டியிருக்கு. "கல்யாண வயசுல இது தேவையா?"ன்னு அம்மா கேக்கறாங்க. நியாயமான கேள்வி. பதில் இல்ல :-)

வண்டி நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2. 1962-ல அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியில இருந்து வந்து, அப்புறம் வாரணாசியில ஆயிரக்கணக்குல செஞ்ச டீசல் எஞ்சின். 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். அப்பா வாழ்க்கையில பாதியை அதுக்குள்ளதான் கழிச்சார். பொன்மலை ஷெட் வண்டிகள்ல உதவி டிரைவரா சேர்ந்து, டிரைவராகி, 2019-ல ரிட்டயர் ஆனார். வீட்ல வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். வருவார், குளிப்பார், தூங்குவார், போவார்.

என்கிட்ட இருக்கறது 87-ல் ஒரு பங்கு அளவு. நிஜ வண்டி 17 மீட்டர் சொச்சம்னா இது 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஓடும், அவ்ளோதான். லைட் கிடையாது. கைப்பிடிக் கம்பியெல்லாம் பிளாஸ்டிக்ல விரல் தடிமனுக்கு இருந்துச்சு. பொங்கல் லீவுக்கு திருச்சிக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா தண்டவாளத்தை மட்டும் ஒரு நிமிஷம் பாத்தார்.

"ஏன்டா மீட்டர்கேஜ் மாதிரி இருக்கு?"

அசந்துட்டேன். இந்த அளவுல தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும். நம்ம பிராட்கேஜ் 1676. கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். மூணு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மனுஷன் வெறுங்கண்ணால புடிச்சுட்டார்!

அப்புறம் ஆரம்பிச்சுது கச்சேரி. முதல் வேலை டிசிசி. சாதாரண மாடல் வண்டியில, தண்டவாளத்துல வர்ற 12 வோல்ட்டைக் கூட்டிக் குறைச்சு ஓட்டுவோம். டிசிசியில தண்டவாளத்துல எப்பவும் முழு கரண்ட் இருக்கும். வண்டிக்குள்ள டீகோடர்னு ஒரு சின்ன சிப்பு உக்காந்துகிட்டு, தனக்கு வந்த கட்டளையைப் படிச்சு மோட்டாரையும் லைட்டையும் பாத்துக்கும். சிவப்பு, கறுப்பு ஒயர் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் மோட்டாருக்கு. ஒரே விதி: மோட்டாரோட ரெண்டு பிரஷ்ஷும் சேஸிஸைத் தொடவே கூடாது.

நாமதான் இன்ஜினியர் ஆச்சே! மல்டிமீட்டர் வெச்சு பாக்காம பவர் போட்டேன். கீழ் பிரஷ்ஷோட ஸ்பிரிங் சேஸிஸைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு செகண்ட். பொசுக்குனு ஒரு பொகை, கருகின வாசனை, ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபா காலி. அப்பா பேப்பரை இறக்கி, "ஆல்கோன்னா பொகையத்தான் செய்யும்"னார். வாழ்க்கையில அவர் அடிச்ச முதல் ஜோக் அதுன்னு நெனைக்கிறேன்.

அடுத்த சிப்பு வர்றதுக்குள்ள பாடி வேலை. பிளாஸ்டிக் கம்பியைச் செதுக்கி எடுத்துட்டு 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைச்சு மாட்டினேன். கறுப்பு பெயின்ட்டைத் தண்ணியாக் கரைச்சு மேல பூசித் தொடைச்சா, இடுக்குல மட்டும் அழுக்கு நிக்கும். ஆர்வக்கோளாறுல வண்டி முழுக்கப் பூசிட்டேன். "நான் ஓட்டுன வண்டி இவ்ளோ கேவலமா இருக்காது"ன்னு அப்பா கோவிச்சுக்கிட்டார். பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லத் திருத்தினேன். கரி, பொகைபோக்கியைச் சுத்தி மட்டும். டீசல் கறை, டேங்க் மூடிக்குக் கீழ. சக்கரப் பக்கம் செங்காவி நிறம். அது மண்ணு இல்லையாம், பிரேக் கட்டை தேஞ்சு பறக்கற இரும்புத் தூள் துருப்பிடிக்கறது. இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு சொல்லுங்க?

ரெண்டாவது சிப்பு வந்துச்சு. பிரஷ்ஷுக்கு அடியில இன்சுலேஷன் டேப், மூணு தடவை மல்டிமீட்டர் டெஸ்ட். ரெண்டு பக்கமும் அரிசி மணியை விடச் சின்ன எல்.இ.டி., ஆளுக்கொரு 1000 ஓம் ரெசிஸ்டர். அப்பா டார்ச் புடிச்சார், நான் சால்டரிங் பண்ணினேன்.

ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு, கூடத்துல ஒன்றரை மீட்டர் பாதையில விட்டேன். ஹெட்லைட் போட்டுக்கிட்டு நீள மூக்கு முன்னால வர்ற மாதிரி ஊர்ந்து வந்துச்சு. ஸ்டாப் அமுக்கினேன். நின்னுச்சு.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "சட்டுனு நிக்குது"ன்னார்.

"சும்மா பொம்மைதானேப்பா."

"அன்னிக்கும் லாங் ஹூட்தான் முன்னால. என் பக்கம் பாதி பாதை தெரியாது. அசிஸ்டென்ட் பையன் கத்தினப்புறம்தான் பாத்தேன். எமர்ஜென்சி போட்டேன். வண்டி நிக்கணும்ல? அது பாட்டுக்குப் போகுது. ஒரு பொம்பள. லைட்டைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு."

எந்த வருஷம்னு கேக்கல. நான் ஸ்கூல் படிக்கறப்ப ஒரு நாள் அப்பா வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சது ஞாபகம் வந்துச்சு. மறுநாள் டூட்டிக்குக் கெளம்பிட்டார்.

டீகோடருக்குள்ள சிவின்னு நிறைய எண்கள் இருக்கும். சிவி3, வண்டி எவ்ளோ மெதுவா வேகம் புடிக்கணும்ங்கறது. சிவி4, எவ்ளோ மெதுவா நிக்கணும்ங்கறது. அதைக் கூட்டினா பொம்மையும் நிஜ ரயில் மாதிரி இழுத்துக்கிட்டே போய்த்தான் நிக்கும். நிஜத்தன்மைக்காக எல்லாரும் கூட்டித்தான் வெப்பாங்க. நானும் அப்படித்தான் ப்ளான் பண்ணியிருந்தேன். என்ன பேசறதுன்னு தெரியாம அதை அவர்கிட்ட வெளக்கிட்டு, "கூட்டவாப்பா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்டா. இதாவது நிக்கட்டும்."

அப்புறம் கன்ட்ரோலரை வாங்கி அவரே ஓட்டினார். ஒரு இருபது தடவை இருக்கும். ஓட்டுவார், நிறுத்துவார். ஓட்டுவார், நிறுத்துவார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எந்திரிக்கல.

பெங்களூரு திரும்பறப்ப வண்டியை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். சிவி4 இன்னும் பூஜ்யம்தான்.

டிஸ்கி: தண்டவாளம் மீட்டர்கேஜ் மாதிரி இருக்குங்கற கம்ப்ளெயின்ட் இன்னும் முடியல. போன் பண்றப்பல்லாம் கேக்கறார் :-)