மடத்துவெளியில் ஒரு சட்டைப்பைத் திரை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகச் செல்லும் பஸ் வண்டி வாணர் தாம்போதியில் ஏறியதும் இருமருங்கும் கடலே காட்சி தரும். அக்கடலைத் தாண்டிப் புங்குடுதீவில் கால்வைக்கும் இடத்திலே அமைந்துள்ளது மடத்துவெளி. பனைகளும், பூட்டிய வீடுகள் பலவும் எம்மை வரவேற்கின்றன. 1991ஆம் ஆண்டு போரினால் இத்தீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்று பிள்ளைகள் பரந்துவிட, முதியோர் சிலர் ஊரிலே திரும்பவும் குடியமர்ந்துள்ளனர்.

பேரனின் திருமணப் படம் கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. ஆயினும் உள்ளங்கையளவு கண்ணாடியிலே மங்கிய கண்கள் எதைக் காணும்? இக்குறையைத் தீர்க்கவல்லது சட்டைப்பையில் அடங்கும் புரொஜெக்டர்.

இக்கருவியின் வரலாற்றோடு இத்தீவின் பழம்பெயருக்கு ஓர் உறவுண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். புங்குடுதீவு 'மிடல்பேர்க்' ஆயிற்று. அந்த மிடல்பேர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து வாழ்ந்த லிப்பர்ஷே என்பவரே 1608இல் தொலைநோக்கிக்கு உரிமை கோரியவர். 1659இல் ஹொய்கன்ஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர், விளக்கையும் வில்லையையும் கொண்டு சுவரிலே சித்திரம் விழுத்தும் மாயவிளக்கை வரைந்து வைத்தார். இன்றைய கருவிக்கு அதுவே பாட்டன். 1987இல் அமெரிக்கரான ஹோர்ன்பெக் ஆக்கிய நுண்கண்ணாடிச் சில்லும், எல்.ஈ.டி. விளக்கும் சேர்ந்தே அதனைச் சட்டைப்பைக்குள் அடக்கின.

வாங்குவோர் முதலில் ஒளியைக் கவனித்தல் வேண்டும். பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'லூமென்' என்று அச்சிட்டிருப்பதை நம்பலாகாது. 'அன்சி லூமென்' எவ்வளவு என்றே கேட்க வேண்டும். இத்தகைய சிறு கருவிகளில் 100 முதல் 200 வரை இருந்தால் இருட்டறைக்குப் போதும். படத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் ஒளி நாலிலொன்றாகக் குறையும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, நாலைந்து அடி அகலத்துடன் மனநிறைவு கொள்வதே அறிவு. '1080 ஏற்கும்' என்பது அப்படத்தை உள்வாங்கும் என்பதேயன்றி, அத்துணை நுட்பமாகக் காட்டும் என்பதன்று.

அடுத்தது மின்கலம். பெரும்பாலானவை இரண்டு மணி நேரமளவில் ஓய்ந்துவிடும். பவர் பாங்கில் இயங்குமா என்று கேட்டறிதல் நன்று. இணையத்தை நம்பாது, படங்களை முன்னரே 'பென் டிரைவில்' பதிந்து செல்க. உள்ளேயுள்ள ஒலிபெருக்கி காற்று வீசும் முற்றத்துக்குப் போதாது. சிறிய ஸ்பீக்கர் ஒன்று உடனிருக்கட்டும்.

மடத்துவெளியில் நாம் முதலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். கடற்காற்று அதைப் பாய்மரமாக்கிற்று! பின்னர் விறாந்தையின் சுண்ணாம்புச் சுவரே கைகொடுத்தது. பொழுது சாய்ந்து, நன்கு இருண்ட பின்பே தொடங்குதல் வேண்டும். கருவியின் காற்றுத் துவாரத்தை மறைத்தலாகாது. உப்புக்காற்று உலோகத்துக்குப் பகையாதலால், காட்சி முடிந்ததும் துடைத்து, வெம்மை தணிந்தபின் மூடிய பெட்டியில் வைத்தல் நலம்.

இன்னொன்றும் அங்கே கற்றோம். தொலைவிலிருந்து படத்தை நிறுத்திவைக்கும் ரிமோட் மிக இன்றியமையாதது. திருமணப் பந்தியில் ஒரு முகம் தோன்றியதும், "தம்பி, உதை ஒருக்கா நிப்பாட்டு" என்றார் ஓர் ஆச்சி. "உவன் எங்கட அண்ணையின்ர பொடியனெல்லே!" என்றார். இரு குடும்பங்களின் கதை அரைமணி நேரம் தொடர்ந்தது. அன்றிரவு படம் ஓடிய நேரத்திலும் நின்ற நேரமே மிகுதி. எவருக்கும் அதனாற் குறையொன்றும் தோன்றவில்லை.