மறுமொழிக்கு ஓர் இடம்



இவ்வாரத் தியானத்தில் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். அத்தவற்றை எனக்கு உணர்த்தியவை பிள்ளைகள் விளையாடும் சில அட்டைகள் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஜூன் மாதத்தில் என் மனைவியின் தம்பி குடும்பத்தார் பள்ளி விடுமுறைக்காகச் சிங்கப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்திருந்தார்கள். அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. ஒரு மாலை, ஜெபக்கூட்டம் முடித்து நான் திரும்பியபோது, குருமனைத் திண்ணையில் அவனும் என் மகனும் எதிரெதிரே அமர்ந்து அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் நெஞ்சம் திடுக்கிட்டது. சீட்டாட்டத்தினால் வயலையும் நகையையும் இழந்த குடும்பங்களுக்காக நாம் எத்தனை முறை கண்ணீரோடு ஜெபித்திருக்கிறோம்! குருமனையிலேயே சீட்டா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"மாமா, இதில் பணம் வைக்க மாட்டோம். கணக்குப் போட்டு யோசித்து விளையாடுவது. உட்கார்ந்து பாருங்கள்" என்றான் அவன்.

அது 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டு. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அட்டைகளைச் சேர்த்து, நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, குறைந்தது 60 அட்டைகள் கொண்ட கட்டு ஒன்றை ஒவ்வொருவரும் தமக்கென அமைத்துக்கொள்வார்கள். இருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைத் தீர்ப்பவர் பெரும்பாலும் வெல்வார். என் சிறு வயதில் நாங்கள் அறிந்ததெல்லாம் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுதான். உயரத்தையோ எடையையோ சொல்லி, பெரிய எண் உடையவன் அட்டையைப் பிடுங்கிக்கொள்வான். அதில் வழக்குக்கு இடமே இராது. இந்த விளையாட்டிலோ ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சட்டம் எழுதியிருக்கிறது.

சற்று நேரத்தில் பிள்ளைகளுக்குள் வழக்கு உண்டாயிற்று. என் மகனிடம் ஒரு கரடி அட்டை இருந்தது. அதன் வலிமை 2, தாங்கும் திறன் 2. முந்தைய சுற்றில் மைத்துனர் மகன் 'லைட்னிங் போல்ட்' என்னும் மின்னல் அட்டையை அதன்மேல் ஏவினான். அது 3 அளவு சேதம் விளைவிப்பது. உடனே என் மகன் 'ஜயண்ட் குரோத்' என்னும் வளர்ச்சி அட்டையை வைத்தான். அந்த முறையாட்டம் முடியுமட்டும் கரடி 5க்கு 5 ஆக வளர்ந்தது. மின்னல் விழுந்தும் பிழைத்துக்கொண்டது. அடுத்த சுற்றில் என் மகன் முந்திக்கொள்ள எண்ணி, வளர்ச்சி அட்டையைத் தானே முதலில் வைத்தான். இவன் உடனே மின்னலை ஏவினான். கரடி செத்தது என்றான்.

"நான்தானே முதலில் வைத்தேன்! அதே இரண்டு அட்டைகள். போன தடவை பிழைத்த கரடி இப்போது எப்படிச் சாகும்? அப்பா, நீங்களே சொல்லுங்கள்" என்று என் மகன் என்னிடம் முறையிட்டான்.

நான் யோசிக்கவேயில்லை. ரேஷன் கடை வரிசையானாலும் திருவிருந்துப் பந்தியானாலும் முந்தி வந்தவருக்கே முந்தி என்பது நாம் பழகிய நியாயம். "முதலில் வைத்தவனுடையதுதான் முதலில் செல்லும். கரடி சாகவில்லை" என்று தீர்ப்பளித்தேன்.

சிங்கப்பூர்ப் பிள்ளை சிரித்தான். "இல்லை மாமா. வைத்தவுடனே எந்த அட்டையும் வேலை செய்யாது. அது அடுக்கில் போய்க் காத்திருக்கும்" என்று விளக்கத் தொடங்கினான்.

அந்த விதிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்று பெயர். அடுக்கு என்று நாம் சொல்லலாம். 1999ஆம் ஆண்டில், விளையாட்டின் ஆறாம் பதிப்போடு இது நடைமுறைக்கு வந்ததாம். ஒருவர் மின்னலையோ வளர்ச்சியையோ போன்ற ஓர் அட்டையை வைத்தால், அது அறிவிக்கப்பட்டதேயன்றி இன்னும் நிறைவேறவில்லை. எதிராளிக்கு மறுமொழி கூற வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் மறுமொழியாக ஓர் அட்டையை வைத்தால் அது முந்தைய அட்டையின்மேல் அமரும். அதற்கும் இவர் மறுமொழி வைக்கலாம். இருவரும் அடுத்தடுத்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று விட்டுக்கொடுத்த பின்னரே மேலிருக்கும் அட்டை நிறைவேறும். அதன்பின் மறுபடியும் வாய்ப்பு; பிறகு அதற்குக் கீழே உள்ளது. ஆகவே கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். முதலில் வந்தது கடைசியில். வடகாட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் வண்டியில் கடைசியாக ஏற்றிய பழம் முதலில் இறங்குவதைப் போல என்று என் மகனுக்கு நான் சொன்னபோது அவனுக்கு விளங்கிற்று. எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று.

முதற்சுற்றில் வளர்ச்சி மறுமொழியாக வந்ததால் அது முந்தி நிறைவேறியது. மின்னல் விழுமுன் கரடி பெருத்துவிட்டது. இரண்டாம் சுற்றில் மின்னல் மறுமொழியாக வந்தது. வளர்ச்சி நிறைவேறுமுன் கரடி மாண்டது. அப்படியானால் கீழே காத்திருந்த வளர்ச்சி அட்டை என்னவாகும் என்று கேட்டேன். "அது யாரைக் குறிவைத்ததோ அந்தக் கரடியே இல்லையே மாமா. குறி இல்லாத அட்டை ஒன்றும் செய்யாமல் கல்லறைக்குப் போகும்" என்றான். பயன்பட்ட அட்டைகளைப் போடும் குவியலுக்கு அவ்விளையாட்டில் கல்லறை என்றே பெயர்.

"மறுமொழியே கூற முடியாத அட்டை உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றான். 2006இல் வந்த 'டைம் ஸ்பைரல்' என்னும் தொகுப்பில் 'ஸ்பிளிட் செகண்ட்' என்ற குறிப்போடு சில அட்டைகள் வந்தன. அவை அடுக்கில் இருக்கையில் எதிராளி ஏறக்குறைய எதுவுமே செய்ய இயலாது. "ஆனால் அப்படிப்பட்டவை கொஞ்சந்தான் மாமா" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் என் மேசைமேல் ஓர் உறை இருந்தது.

மே மாதக் கடைசி ஞாயிறன்று நம் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். படைக்கப்பட்ட கோழி, தேங்காய், முந்திரி, பலா யாவும் ஏலம் போயின. ஏலப் பேரேட்டின்படி 48,350 ரூபாய் வரவேண்டும். கைக்கு வந்ததோ 44,650. குறைவு 3,700. கணக்கைப் பொறுப்பேற்றிருந்தவர் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர். மீதி எங்கே என்று கேட்டேன். தலைகுனிந்து, "வந்துவிடும் ஐயா" என்று மாத்திரம் சொன்னார். அந்தத் தலைகுனிவையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். கமிட்டி மூப்பர் இருவரிடம் அவரைக் குறித்துக் குறையாகப் பேசினேன். அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் கடிதத்தையும் எழுதி உறையிலிட்டேன். ஞாயிறு கமிட்டியில் வாசிக்க வேண்டியதொன்றே பாக்கி.

கடிதம் வைக்கப்பட்டிருந்தது, இன்னும் நிறைவேறவில்லை. நான் அவருக்கு மறுமொழி கூற இடங்கொடுத்தேனா? போதகர் என்கிற ஸ்தானத்தில் இருப்பதால், என் கையிலுள்ள அட்டைகளெல்லாம் மறுமொழிக்கு இடமற்றவை என்று எண்ணிக்கொண்டேன் போலும்.

பொழுது விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆலங்குடிக்கு அப்பாலுள்ள அவருடைய ஊருக்குச் சென்றேன். அவர் தாயார் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். அந்தத் தம்பியைத் தனியே அழைத்து, "நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். நான் கேட்கத்தான் வந்தேன், கேட்டு முடிக்குமட்டும் பேசமாட்டேன்" என்றேன். நெடுநேரம் தயங்கினார். பின்பு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். ஏலம் கேட்டும் பணம் செலுத்தாத மூவருடைய பெயர்கள் அதில் இருந்தன. ஒருவர் 1,200. மற்றொருவர் 1,000. மூன்றாவது வரியில், "ஐயா – பலாப்பழம் – 1,500."

ஐயா என்பது நான்தான். ஏலத்தை ஊக்கப்படுத்துவதற்காகத் தொகையை உயர்த்திக் கேட்டு, பழம் என்மேல் நின்றதும், "பிறகு தருகிறேன் தம்பி" என்று சொல்லி வீட்டுக்குத் தூக்கிவந்தவன் நான். சுளையைத் தின்று, கொட்டையையும் குழம்பிலிட்டு முடித்தோம். கடனை மறந்தேன். என்னை மற்றவர் முன் வெட்கப்படுத்தலாகாது என்று அவர் தலைகுனிந்து நின்றார். நானோ அந்தத் தலைகுனிவை அவருக்கு விரோதமாகவே எழுதி உறையிலிட்டேன்.

அவருடைய மறுமொழி முந்தி நிறைவேறியது. அதன் கீழிருந்த என் கடிதத்துக்குக் குறியே இல்லாமற்போயிற்று. வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அதற்கேற்ற கல்லறை அதுவே. ஆனால் மூப்பர் இருவரிடம் நான் பேசிய வார்த்தைகள் அப்படியல்ல. அவை ஏற்கெனவே நிறைவேறியிருந்தன. அவற்றைத் திரும்ப எடுக்க எந்த விதியும் உதவாது. ஆகையால் ஞாயிறு கமிட்டியில் என் 1,500 ரூபாயை மேசைமேல் வைத்து, நடந்தது யாவற்றையும் சொல்லி, அந்தத் தம்பியிடம் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதார். நானும் அழுதேன். மற்ற இருவரும் அவ்வாரத்திலேயே செலுத்திவிட்டார்கள்.

அன்பானவர்களே, சோதோமின் காரியத்தை ஆபிரகாமுக்கு மறைக்க மனமில்லாத தேவனை நினைத்துப்பாருங்கள். அவர் தாம் செய்யப்போவதை அறிவித்தபின் ஆபிரகாம் அவர் முன் நின்றான். ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரைக்கும் மன்றாடினான். ஒவ்வொரு முறையும் அவர் செவிகொடுத்தார். நினிவேக்கோ நாற்பது நாள் தவணை கொடுத்தார். அந்த நகரம் மனந்திரும்புதலை மறுமொழியாக வைத்தது. சகலத்தையும் அறிந்தவரே மனிதனுடைய மறுமொழிக்கு இடம் வைக்கிறார் என்றால், தான் வாங்கிய பலாப்பழத்தையே மறந்துபோகிற நான் எம்மாத்திரம்?

இந்த வாரம் உங்கள் மேசைமேலும் ஓர் உறை இருக்கலாம். மருமகளைக் குறித்து மனதில் எழுதிவிட்ட தீர்ப்பாக இருக்கலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கென வைத்திருக்கும் கடுஞ்சொல்லாக இருக்கலாம். வரப்புத் தகராறில் அண்டை வயல்காரர்மேல் எழுதிய மனுவாக இருக்கலாம். அதை நிறைவேற்றுமுன் அவரிடம் சென்று, "நீங்கள் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் மௌனமாயிருங்கள். அந்தத் துண்டுத்தாளில் யாருடைய பெயர் இருக்குமென்று நமக்குத் தெரியாது.

பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். போகையில் மைத்துனர் மகன் அந்தக் கரடி அட்டையை என் மகனுக்குப் பரிசாகக் கொடுத்தான். என் மகன் அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். இப்போது அது பேனாக் கூட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. கடிதம் எழுத அமரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

அன்பின் பரம தகப்பனே, பேசுவதற்கு முன் கேட்கிற செவியையும், கேட்டபின் தாழ்மையோடு ஒப்புக்கொள்கிற இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.