பச்சையெல்லாம் மைக்ரோகிளியா இல்லை

ஆறு கிழமையாக நான் எண்ணிக்கொண்டிருந்தது மைக்ரோகிளியா என்றுதான் நம்பினேன். சுண்டெலி மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, ஐபா-1 என்ற புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியைப் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் பச்சையாக ஒளிரும். பச்சை எல்லாவற்றையும் எண்ணினேன். காயப்பட்ட பக்கத்தில் நிறைய, மற்றப் பக்கத்தில் குறைவு. வடிவான முடிவு. 'காயத்தின் பின் மைக்ரோகிளியாப் பெருக்கம்' என்று தலைப்பும் எழுதிவைத்தாயிற்று.

ஆய்வுகூடத்து அக்கா ஒரு படத்தில் விரலை வைத்தா.

"இது குருதிக்குழாயோட ஒட்டி நீட்டாப் படுத்திருக்கு. கிளை ஒண்டும் விரிக்கேல்ல. இதையும் எண்ணினனீரோ?"

"ஓம் அக்கா."

"இது மைக்ரோகிளியா எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

ஒருத்தரும் சொல்லேல்ல. ஐபா-1 மைக்ரோகிளியாவில் மட்டும் இருப்பதில்லை. குருதிக்குழாயைச் சுற்றியும் மூளையுறையிலும் இருக்கிற மக்ரோபேஜ்களிலும் இருக்கிறது. காயம் பட்டதும் குருதியிலிருந்து உள்ளே வருபவையும் அதையே காட்டும். மைக்ரோகிளியா கருவிலேயே, கருவூண்பையிலிருந்து மூளைக்குள் குடிவந்தவை. காயத்தின் பின் குருதியிலிருந்து வருபவை என்புமச்சையில் பிறந்தவை. பெருகினது வீட்டுக்காரரா, வந்த ஆக்களா? என் எண்ணிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

திரும்பவும் தொடங்கினேன். இந்தமுறை டிஎம்இஎம்119. மைக்ரோகிளியாவைப் பிரித்துக் காட்டும் குறியாக 2016 இல் வெளிவந்தது. குழாயோரக் கலங்களுக்கு சிடி206. காயமில்லாத பக்கம் அப்படியே பிரிந்து வந்தது. அக்கா கைவைத்த மாதிரியானவை எல்லாம் சிடி206. பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

காயப்பட்ட பக்கம்தான் பிரச்சினை. உருண்டையான கலங்கள், ஐபா-1 இருக்கு, டிஎம்இஎம்119 இல்லை. "அப்ப இவை வெளியில இருந்து வந்தவைதானே?" என்றேன்.

"அவசரப்படாதையும். மைக்ரோகிளியாவும் கலவரப்பட்டால் அந்தப் புரதத்தைக் குறைச்சுப்போடும். பி2ஆர்வை12 உம் அப்பிடித்தான்."

எனக்குக் கோபமே வந்தது. ஆளை அடையாளம் காட்டவேண்டிய நேரத்திலேயே அழிகிற அடையாளம் என்னத்துக்கு? காயத்துக்கு முன்பே மைக்ரோகிளியாவில் மரபணு வழியாக நிறம் ஏற்றிய எலிகள் இருந்தால் பிரிக்கலாம். எங்களிடம் அவை இல்லை, நாளும் இல்லை.

தலைப்பை 'ஐபா-1 உள்ள கலங்களின் அதிகரிப்பு' என்று மாற்றினேன். அட்டவணையில் 'மைக்ரோகிளியா', 'குழாயோர மக்ரோபேஜ்' என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போட்டேன்: 'பிரிக்க முடியாதவை'. காயப்பட்ட பக்கத்தில் அதிலதான் எண்ணிக்கை கூட.