மாடிப்படியில் தொங்கிய மைக்

"அம்மா, ஓவர்ஹெட் மைக் இரண்டு வாங்க வேண்டும்" என்று உங்கள் மகள் ஒரு நாள் வந்து நிற்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஓவர்ஹெட் எல்லாம் மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். "அதென்னடி, தலைக்கு மேலே மைக்?" என்று கேட்கிறீர்கள். டிரம்ஸ் வாசிப்பவரின் தலைக்கு மேலே நிறுத்தி, முரசுகளின் ஓசையையும் வெண்கலத் தட்டுகளின் ஓசையையும் ஒருசேரப் பிடிக்கும் மைக் அது என்று அவள் விளக்குகிறாள். பிறகு விலையைச் சொல்கிறாள். ஒரு பவுன் வளையலின் விலை!

சரி என்று தலையாட்டுவதற்கும், முடியாது என்று முகத்தைத் திருப்பிக் கொள்வதற்கும் முன்னால், என்னுடன் இங்கிலாந்துக்கு ஒரு நடை வாருங்கள். டிக்கெட் செலவு கிடையாது. அங்கே மூன்று கட்டிடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், எவ்வளவு செலவழிக்க வேண்டும், எதில் செலவழிக்க வேண்டும் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் லண்டன். சுரங்க ரயிலில் ஏறி செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்குங்கள். சற்று நடந்தால் ஆபி ரோடு. உலகப் புகழ் பெற்ற ஸ்டூடியோ என்றதும் பிரம்மாண்டமான கட்டிடத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெள்ளை அடித்த, அடக்கமான ஒரு பழைய வீடுதான் முன்னால் தெரிகிறது. ஸ்டூடியோ எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. 1931 நவம்பரில் எட்வர்ட் எல்கர் என்ற பெரிய சங்கீத மேதை இங்கே வந்து வாத்திய கோஷ்டியை நடத்தித் தொடங்கி வைத்தார். வாசலில் இருக்கும் ஜீப்ரா கிராசிங்கை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1969-இல் 'பீட்டில்ஸ்' நால்வரும் வரிசையாகக் கடந்து போனது அதிலேதான். யாத்திரிகர்கள் அதே மாதிரி கால் எடுத்து வைத்துப் போட்டோ எடுத்துக் கொள்வதும், கார்க்காரர்கள் பல்லைக் கடித்துக் கொண்டு நிற்பதும் அங்கே தினப்படி காட்சி. மதில் சுவரில் ரசிகர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். நிர்வாகத்தார் வெள்ளையடித்துக் கொண்டே இருக்கிறார்கள்.

1962-இல் பீட்டில்ஸ் இங்கே முதன் முதலாக வந்தார்கள். ஆரம்ப காலத்தில் அவர்களுடைய டிரம்ஸுக்கு வைத்த மைக் எத்தனை தெரியுமா? தலைக்கு மேலே ஒன்று. காலால் உதைக்கும் பெரிய முரசுக்கு ஒன்று. அவ்வளவுதான்! தலைக்கு மேலே நின்ற மைக் பின்னால் 'ஏ.கே.ஜி. டி19' என்ற ரகமாக மாறியது. அந்த ஸ்டூடியோவிலேயே இருந்த நாய்மன் மைக்குகளின் ராஜ பரம்பரையைச் சேர்ந்ததல்ல அது. எளிய டைனமிக் வகை. 1966-இல் ஜெஃப் எமரிக் என்ற இருபது வயது இளைஞர் ஒலிப்பதிவுப் பொறுப்புக்கு வந்தார். பெரிய முரசுக்குள் நாலு கழுத்து வைத்துப் பின்னிய ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கையும் கிட்டத்தில் நகர்த்தினார். ஓசை கும்மென்று கேட்டது. பழைய ஸ்வெட்டர் செய்த வேலை!

அடுத்தது பார்ன்ஸ். தேம்ஸ் நதிக் கரையில், கிராமம் போலவே இருக்கும் லண்டன் பேட்டை. அங்கே சர்ச் ரோடில் 1906-இல் கட்டிய ஒரு மண்டபம், 1966 முதல் 'ஒலிம்பிக்' ஸ்டூடியோவாக இருந்தது. 2009-இல் மூடிவிட்டார்கள், 2013-இல் சினிமாத் தியேட்டராக மறுபடி திறந்தார்கள். இப்போது நீங்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே போகலாம்.

1968 அக்டோபரில் 'லெட் ஸெப்பலின்' கோஷ்டி தங்கள் முதல் இசைத்தட்டை இங்கே பதிவு செய்தது. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ், டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மைக்கின் ஓசையையும் மேலே இருந்த மைக்கின் ஓசையையும் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்டுப் பார்த்தார். டிரம்ஸ் அறை முழுவதும் விரிந்து கேட்டது! தற்செயலாக வந்த அந்த யுக்திக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒரு மைக் நடு முரசான 'ஸ்நேர்' மீது செங்குத்தாக. மற்றொன்று வாசிப்பவரின் வலப்புறம், தரையில் நிற்கும் முரசுக்கு அப்பால். இரண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏன் ஒரே தூரம்? ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு மைக் 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அதற்கு ஓசை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். அற்பம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஓசைகளும் கலக்கும்போது சில ஸ்வரங்களை ஒன்றையொன்று விழுங்கிவிடும்; முரசு தகர டப்பா மாதிரி கேட்கும். எத்தனை உயர்ந்த மைக் வாங்கினாலும் இந்தக் கோளாறு தீராது. தையல் டேப்பை எடுத்து அளந்து வைத்தால் தீர்ந்தது!

மூன்றாவது இடத்துக்கு வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறி லிப்ஹுக்கில் இறங்கி, காரில் போக வேண்டும். ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிராமம். அங்கே ஹெட்லி கிரேஞ்ச் என்ற பெரிய வீடு இருக்கிறது. 1795-இல் ஏழைகளுக்கான விடுதியாகக் கட்டியது. பிறகு தனியார் கைக்கு மாறியது. இன்றும் தனியார் வீடுதான். ஆகையால் சாலையில் நின்று பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப வேண்டும்.

அதே லெட் ஸெப்பலின் கோஷ்டி அங்கே தங்கி, வாசலில் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்திப் பாட்டுப் பதிவு செய்தது. 1971 நவம்பரில் வெளிவந்த அந்த இசைத்தட்டில், அணை உடைவதைப் பற்றிய ஒரு பாட்டுக்கு, கிளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ் டிரம்ஸைக் கூடத்தில் மாடிப்படியின் அடியில் போடச் சொன்னார். மேல் தளத்திலிருந்து இரண்டே இரண்டு 'பையர் எம்160' மைக்குகளைத் தொங்கவிட்டார். ஜான் பான்ஹம் வாசித்தார். அந்த இடி முழக்கத்தை இன்றுவரை உலகமெங்கும் பாடகர்கள் இரவல் வாங்கிக் கொண்டிருக்கிறார்கள். அங்கே மைக்கோடு சேர்ந்து பாடியது அந்த உயரமான கூடம்!

சரி, வீட்டுக்குத் திரும்புவோம். நம் பிளாட்டில் அத்தனை உயரக் கூடத்துக்கு எங்கே போவது? பத்தடி உயரத்தில் தளம், வழவழவென்று டைல்ஸ் தரை, வெறும் சுவர். ஓசை அதில் மோதித் தெறித்து மைக்கில் வந்து விழும். ஆகவே முதல் செலவு மைக்குக்கு அல்ல. டிரம்ஸுக்கு அடியில் கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பின் சுவரில் சாய்த்து வைத்த இலவம்பஞ்சு மெத்தை. அண்டை வீட்டாரும் வாழ்த்துவார்கள்.

அப்புறம் கடைக்குப் போங்கள். ஒரே ரகத்தில் ஒரு ஜோடியாக வாங்குங்கள். பென்சில் போல மெலிந்த 'கண்டென்ஸர்' மைக்குகள் இந்த வேலைக்கு ஏற்றவை. பெரிங்கர் சி-2, சாம்ஸன் சி02, ரோட் எம்5 ஆகியவை ஜோடியாகவே விற்கிற சிக்கன ரகங்கள். இவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் மைக் கம்பி வழியாகவே போக வேண்டும். உங்கள் வீட்டுப் பதிவுக் கருவியில் அந்த வசதியோடு இரண்டு மைக் துவாரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மலிவாக வாங்கிய மைக்குக்குப் பின்னாலேயே இன்னொரு செலவு கதவைத் தட்டும்.

கடையில் வெண்கலத் தட்டு ஒன்றைத் தட்டச் சொல்லி, அந்த மைக் வழியாகக் கேளுங்கள். மட்டமான மைக்கில் அது காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போலக் கேட்கும். அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் இரண்டு வாங்கினாலும் பாதகமில்லை. தட்டின் மினுமினுப்பு சற்றுக் குறையும். ஆனால் 48 வோல்ட் வேண்டாம், கீழே விழுந்தாலும் தாங்கும், மற்ற வாத்தியங்களுக்கும் பாட்டுக்கும் உதவும்.

ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குழந்தையின் தலைக்கு மேலே நீட்டிக் கொண்டு நிற்கிற இரும்புக் கை அது. காலில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள், வேலை முடிந்ததும் கண்டென்ஸர் மைக்கைப் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஈரக் காற்று அதற்குச் சத்துரு.

இரண்டு மைக்குக்கும் இப்போது பணமில்லையா? ஒன்று போதும். ஸ்நேருக்கு மேலே சுமார் மூன்றரை அடி உயரத்தில் வைத்துப் பதிவு செய்யட்டும். பத்துப் பன்னிரண்டு தடவை இடம் மாற்றி வைத்துக் கேட்டு, எது நன்றாயிருக்கிறது என்று அவளே எழுதி வைக்கட்டும். டிரினிட்டி காலேஜ் பரீட்சைகளுக்கு இப்போது வாசிப்பை வீடியோவாக அனுப்பவும் வழி இருக்கிறது. அதற்கு இந்தப் பழக்கமெல்லாம் கை கொடுக்கும்.

பதினைந்து வயதில் ஒரு பெண் வாசிக்கிற வாசிப்பு பதினாறு வயதில் அப்படியே இருக்காது. அடுத்த வருஷம் கல்லூரி, அதற்கப்புறம் ஹாஸ்டல். பவுன் விலை மைக் வாங்கும் நாள் வரட்டும் என்று காத்திருந்தால், மைக் வரும்போது டிரம்ஸுக்குத் துணி போட்டு மூடியிருப்போம். இந்த மாதமே ஜமக்காளத்தை விரியுங்கள்.