பிரம்மதண்டைத் தாளில் ஏற்றுவது

எங்கள் ஊரான இனயத்தில் கடற்கரைச் சாலையோரம், வீடு கட்டக் கொட்டிய மண்மேடு, குப்பை எரித்த இடம் என்று கிளறிய மண் வெயிலில் கிடக்கும் இடமெல்லாம் பிரம்மதண்டு முளைக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த செடி, கசகசாவின் குடும்பம். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட நிலத்தில் இதைவிடச் செழிப்பாக நிற்கும். அரிய செடி தேடி மலையேறுகிறவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான். எந்த ஊரில், எந்த ஆண்டில் இது நின்றது என்று நாளை ஒருவர் கேட்டால், செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டித் தேதி எழுதிய ஒரு ஹெர்பேரியம் தாள்தான் பதில் சொல்லும்.

காலையில் பூ விரிந்ததும் பறிக்க வேண்டும். இதழ் லேசாகத் தட்டினாலே உதிரும். வீடு வரை கொண்டுபோக முடியாது. செடி நின்ற இடத்திலேயே செய்தித்தாளுக்குள் வைத்துவிடுவேன். வெட்டிய தண்டில் மஞ்சள் பால் வடியும். அதைப் பஞ்சால் ஒற்றாவிட்டால் இதழில் கறை ஏறும். முள் நிறைந்த காய் தடிமனானது. அதை நெடுக்காகப் பிளந்து வைத்து, சுற்றிலும் மடித்த தாளால் மட்டம் செய்தால்தான் பூவின்மீதும் இலையின்மீதும் அழுத்தம் சீராக விழும். எங்கள் உப்புக்காற்றில் தாளைத் தினமும் மாற்றியாக வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அதுவும் போதாது, பல்பின் சூடு வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் சிலவற்றைத் தாள் காப்பாற்றாது. இதழின் மஞ்சள் வெளுக்கும், பால் பழுப்பாகும், மொட்டு நசுங்கும். இந்த மொட்டுதான் முக்கியம். வெளிர்மஞ்சள் பூக்கும் நெருங்கிய இனம் ஒன்று உண்டு. அதன் மொட்டு நீண்டிருக்கும், பிரம்மதண்டின் மொட்டு ஏறக்குறைய உருண்டை. ஆகவே நிறத்தையும் மொட்டின் வடிவத்தையும் மண்ணையும் அங்கேயே நின்று எழுதிவிட வேண்டும். வீட்டில் வந்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பை நான் நம்புவதில்லை.

முற்றிய காயின் விதையைச் சிறு காகித உறையில் இட்டு அதே தாளில் ஒட்டுவேன். அதை ஒருபோதும் விடமாட்டேன். காரணம் இதுதான்: 1998-இல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதையிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சுப்பொருள் உடலில் நீர் கோக்க வைத்து இதயத்தைத் தாக்கும். வெறுங்கண்ணுக்குக் கடுகு போலவே தெரியும் இந்த விதை. லென்ஸில் வைத்தால் மேல்தோல் எங்கும் வலைபோல் மேடும் பள்ளமும் எடுப்பாகத் தெரியும், ஒரு முனை கொஞ்சம் கூர்த்திருக்கும்.